ஆறாத புண்ணும் ‘நோ குரோத்’ ரிப்போர்ட்டும்

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் விளங்கும். வெள்ளகோவில் பக்கம் தோட்டம். மாமனாருக்கு அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் வலது கை நடுவிரலில் சின்னதாக ஒரு கட்டி வந்து, உடைந்து, மேலே பொருக்குத் தட்டி, உள்ளே ஆறாமலே நிற்கிறது. இப்போது புறங்கையிலும் மணிக்கட்டுக்கு மேலேயும் வரிசையாக இன்னும் சில கட்டிகள். பெரிய வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கிளுவை வேலி கட்டும்போது முள் ஏறியிருக்கும் என்கிறார். ஆன்டிபயாடிக் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. சீழ் எடுத்து டெஸ்ட் கொடுத்ததில் ‘நோ குரோத்’. "கிருமியே இல்லைன்னா புண்ணு ஏனுங்க ஆற மாட்டேங்குது?" இதுதான் கேள்வி. கடைசியில் போகிற போக்கில், பேரனுக்கு வாங்கின மீன் தொட்டியை மாமாதான் வாராவாரம் கழுவுவார், அதனால் தொற்று வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கேள்வியிலும் அந்த ஒரு வரிதான் பெரிசு.

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோபயாலஜி பகுதியில் ரொம்ப காலம் இருந்தவன். அதனால் லேப் பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறேன்; மருந்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் தோல் டாக்டர்.

அந்த ரிப்போர்ட் கிருமி இல்லை என்று சொல்லவே இல்லை. நீங்கள் கொடுத்த பஞ்சிலிருந்து, நாங்கள் வைத்த தட்டில், நாங்கள் வைத்த சூட்டில், ரெண்டு நாளைக்குள் எதுவும் முளைக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தோலில் வருகிற சாதாரண கட்டி, சீழ், செவ்வீக்கம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ரெண்டே பேர்தான் காரணம்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். ரெண்டும் 37 டிகிரியில் ஒரு ராத்திரியில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடும். அதனால் எல்லா லேபிலும் வழக்கமான சீழ் கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட், என்பது 37 டிகிரி, 48 மணி நேரம், அப்புறம் தட்டு குப்பைக்குப் போய்விடும். நூற்றில் பெரும்பாலானவருக்கு இது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெதுவாக வளர்கிற கிருமிக்கு இந்த முறை, இருபத்தொரு நாள் அடைகாக்க வேண்டிய முட்டையை ரெண்டாம் நாளே கூமுட்டை என்று தூக்கி எறிகிற கதைதான். போதாததற்கு மாமா ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சில் துடைத்து எடுத்திருக்கிறார்கள். ஆழத்தில் இருக்கிற கிருமி மேலே துடைத்தால் வராது, மருந்து பட்டது வளரவும் வளராது.

இப்போது மீன் தொட்டி. மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்று ஒன்று உண்டு, காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. 1926இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்துப்போன கடல்மீன்களில் அரோன்சன் என்பவர் கண்டுபிடித்தது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் எதிலும் இருக்கும். மனுஷனுக்கும் தொற்றும் என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. சுவீடனில் நீச்சல் குளத்தில் குளித்தவர்களுக்கு முழங்கையில் வந்த புண்களை வைத்துக் கண்டார்கள். இப்போது குளத்துக்குக் குளோரின் போடுவதால் அந்த வழி குறைந்து, வீட்டு மீன் தொட்டிதான் முக்கிய வழி. கையில் சின்னக் கீறல் இருக்கும், தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக் கூழாங்கல்லைத் தேய்ப்பார்கள், ரெண்டு முதல் நாலு வாரம் கழித்து, சில சமயம் இன்னும் மாதக்கணக்கில் தள்ளி, ஒரு கட்டி எழும்பும். இவ்வளவு இடைவெளி விழுந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும், அதற்குள் நாலு முள் குத்தியிருக்கும், பழி முள் மேல் போய்விடும்.

இந்தக் கிருமிக்குப் பிடித்த சூடு 30 டிகிரிக்குப் பக்கம். 37இல் சரியாக வளராது. அதனால்தான் உடம்புக்குள் போகாமல், குளிர்ச்சியான கை விரல், புறங்கை, முழங்கை என்று தோலோடு நின்றுகொள்கிறது. அதே காரணத்தால்தான் லேபில் வழக்கமான சூட்டில் வைத்தால் முளைக்காமல் ஏமாற்றவும் செய்கிறது. விரலில் ஆரம்பித்து நிணநீர்ப் பாதையைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே கட்டி வைப்பது இதன் பழக்கம். நீங்கள் எழுதியிருக்கிற வரிசை அப்படியே இதுதான்.

இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே மாதிரி வரிசைக் கட்டி வைக்கிற இன்னும் ரெண்டு உண்டு. ஒன்று நொகார்டியா, மண்ணில் இருக்கிற பாக்டீரியா, முள், மண்வெட்டிக் காயம் வழியாக வரும். இன்னொன்று ஸ்போரோத்ரிக்ஸ், அது பூஞ்சை, அதுவும் முள்ளோடு வரும். ஆக முள் கதையும் பொய் இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பார்வையில் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். அதனால் நாலாவதாக ஒரு ஆன்டிபயாடிக்கை முயற்சி பண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, சதை எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்கள். பயாப்ஸிதான். மரத்துப்போக ஊசி போட்டு மிளகளவு எடுப்பார்கள், ஒரு தையல், அரை மணி நேர வேலை. இப்போது சாப்பிடுகிற மாத்திரையைச் சில நாள் நிறுத்தி எடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இங்கேதான் காரியம் கெடுகிற இடம், கவனமாக இருங்கள். எடுத்த சதையை ரெண்டாகப் பிரித்து ஒன்றை ஃபார்மலின் பாட்டிலிலும் இன்னொன்றை வெறும் சலைன் பாட்டிலிலும் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டது மைக்ராஸ்கோப்பில் திசுவைப் பார்க்க. அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு ஆகாது. எத்தனையோ நாள் எங்கள் ஜன்னலுக்கு மொத்தச் சதையும் ஃபார்மலினில் ஊறி வந்து நின்றிருக்கிறது, "கல்ச்சர் ப்ளீஸ்" என்று சீட்டோடு. திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை, நோயாளியோ அதற்குள் தையல் போட்டுக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறியிருப்பார். சலைன் பாட்டில் அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும்.

சீட்டில் ‘கை புண், கல்ச்சர்’ என்று மட்டும் இருந்தால் லேபில் வழக்கமான தட்டில்தான் போடுவார்கள். ‘மூன்று மாதப் புண், வரிசைக் கட்டிகள், மீன் தொட்டி, தோட்ட வேலை, காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா, நொகார்டியா, பூஞ்சை பார்க்கவும், 30 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைக்கவும்’ என்று டாக்டர் எழுதிவிட்டால் நாங்கள் செய்கிற வேலையே மாறிவிடும். சாயம் போட்டு அமிலத்தில் கழுவிப் பார்ப்போம், நொகார்டியாவுக்கு இன்னும் மென்மையான அமிலத்தில் தனியாக ஒரு ஸ்லைடு போடுவோம், தட்டை ஆறு எட்டு வாரம் வரை வைத்திருப்போம். ரிப்போர்ட் தாமதமாகிறதே என்று லேபைத் திட்டக் கூடாது.

ஜீன் எக்ஸ்பர்ட், சிபிநாட் என்று சொல்கிற டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வரலாம். அது காசநோய்க் கிருமிக் குடும்பத்தை மட்டும்தான் தேடும், இந்தப் பங்காளியைத் தேடாது. தலைகீழாகவும் நடக்கும்: காசநோய்க்கான தோல் ஊசி டெஸ்டோ இக்ரா ரத்த டெஸ்டோ மெரைனத்திலும் பாசிட்டிவ் காட்டும், சதை டெஸ்டில் கிரானுலோமா, அதாவது காசநோயிலும் தெரிகிற திசு முடிச்சு, என்றும் வரும். ரெண்டையும் வைத்துத் தோல் காசநோய் என்று முடிவு கட்டி நாலு மருந்து ஆரம்பித்துவிடுகிற வாய்ப்பு நம் ஊரில் ரொம்ப அதிகம். அதில் ரிஃபாம்பிசினும் எதாம்புட்டாலும் இதற்கும் கேட்கும், அதனால் புண் கொஞ்சம் ஆறவும் செய்யும். பைரசினமைட் இதைத் தொடவே தொடாது, ஐசோனியசிட் பெரும்பாலும் வேலை செய்யாது. வேண்டாத மாத்திரையை மாதக்கணக்கில் கல்லீரலுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். கல்ச்சருக்காகக் காத்திருப்பது இதற்குத்தான்.

மெரைனம் என்று உறுதியானால் சாதாரணமாகக் கிளாரித்ரோமைசினோடு எதாம்புட்டால் கொடுப்பார்கள், மூன்று நாலு மாதம் போகும். புண் மூடின பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும். விரல் மடக்க முடியாமல் தசைநாண், மூட்டு வரை போயிருந்தால் இன்னும் நீளும், ஆபரேஷனும் தேவைப்படலாம். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று சொல்கிறேன்: கிளாரித்ரோமைசின் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்; சில கொழுப்பு மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. ரிஃபாம்பிசின் நேர் எதிர், சர்க்கரை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். எதாம்புட்டால் எடுத்தால் பார்வை மங்குகிறதா, சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரிகிறதா என்று கண் டாக்டரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பேரைச் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை.

தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றாது, பேரன் தாத்தா மடியில் தாராளமாக உட்காரலாம். தொட்டியை இனிமேல் முழங்கை வரை வருகிற ரப்பர் உறை போட்டு வேறு யாராவது கழுவட்டும், கையில் வெட்டு கீறல் இருக்கிறவர் வேண்டாம், அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மாமா விஷயம் இவ்வளவுதான். ஆனால் கீழே நிறையப் பேர் தங்கள் கதையையும் கேட்டிருப்பதால், நம் பக்கத்து வேலைகளோடு ஒட்டி வருகிற அரிதான மற்றக் கிருமிகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கிருமிகளில் பாதி விடை ‘கை எதைத் தொட்டது, கால் எதை மிதித்தது’ என்பதில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் டாக்டரிடம் போனால் வேட்டியை மாற்றிக்கொண்டு, "வேலையெல்லாம் ஒன்னுமில்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். சாளையில் நாலு மாடு, பட்டியில் முப்பது ஆடு, அது வேலைக் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆடு மாடு என்றதும் முதலில் அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்றால் வெளிநாட்டுத் தபால் உறையில் வந்த பொடி ஞாபகம் வரும். நமக்கு அது செத்த ஆட்டிலிருந்து வருகிற நோய். திடீரென்று செத்து விழுந்த ஆட்டையோ மாட்டையோ தோலுரித்தவர், கறி போட்டவர் கையில், ஒரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் அரிப்போடு ஒரு பரு வரும், கொப்புளமாகும், அப்புறம் நடுவில் கரி மாதிரி கறுத்த பொருக்கு. சுற்றிலும் கை முழுக்க வீங்கும், ஆனால் அந்தப் புண் வலிக்காது. இந்தக் கறுப்பு, வீக்கம், வலியின்மை மூன்றும் ஒன்றாக இருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. வைத்தியம் பண்ணாவிட்டால் ஐந்தில் ஒருவர் வரை சாகலாம். பண்ணினால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். பொருக்கைக் கீறி எடுக்கக் கூடாது. 2021இல் கோவை வனக்கோட்டத்தில் காட்டு யானை ஒன்று அடைப்பானில் செத்தது, மலையடிவாரத்தில் மேய்க்கிறவர்களுக்கு மறந்திருக்காது.

மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வழியச் செத்த கால்நடையை அறுக்கவே வேண்டாம், கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல பத்து வருஷம் கிடக்கும். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொல்வது அதனால்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது, ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிறுவனமே தயாரிக்கிறது. கன்னிவாடிச் சந்தையில் குட்டி வாங்கும்போது பல்லைப் பார்க்கிற நாம் ஊசி போட்டதா என்று கேட்பதில்லை.

ஆட்டுக்கு வாயோரம் புண் இருந்து, அதைத் தொட்டவர் விரலில் வருகிற கொப்புளமும் கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும். அது வைரஸ், ஆறு வாரத்தில் தானே போய்விடும். ஆனால் எது எது என்று நீங்களாக முடிவு பண்ண வேண்டாம்.

மீன் ஆய்கிறவர்களுக்கு வேறு ரெண்டு. எரிசிபெலோத்ரிக்ஸ் என்பது மீன், பன்றி, கோழி எல்லாவற்றிலும் இருக்கும். செதிள் குத்தின விரலில் ஒரு வாரத்துக்குள் ஊதா நிறத்தில், கோடு போட்ட மாதிரி ஓரத்தோடு வீங்கும். தொட்டால் உயிர் போகும், ஆனால் சீழ் இருக்காது. பென்சிலின் கொடுத்தால் ஓடிவிடும். பெரிய மருந்து என்று நாம் நினைக்கிற வான்கோமைசினுக்கு இது பிறவியிலேயே அடங்காது. இன்னொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே. 1995–96 குளிர்காலத்தில் கனடாவின் டொரான்டோவில், உயிரோடு வாங்கின திலாப்பியா மீனைக் கழுவியவர்களுக்குக் கை வீங்கிக் காய்ச்சலோடு வந்தபோது இது பேசப்பட்டது. திலாப்பியா வேறொன்றும் இல்லை, நம் அமராவதி அணை ஜிலேபி மீன்தான். அதற்காக ஜிலேபி சாப்பிடுவதை விட வேண்டாம், முள் குத்தினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

ஊசி போட்டால்தான் கேட்கும் என்கிற நம் ஊர் நம்பிக்கைக்கும் ஒரு கிருமி காத்திருக்கிறது. மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம், கெலோனே, அப்செசஸ் என்று மூன்று, இவையும் மெரைனத்தின் சொந்தம். குழாய்த் தண்ணீரிலேயே வாழும், குளோரினுக்குச் சாகாது, கருவியை ஊற வைக்கிற திரவத்துக்கும் சில சமயம் தப்பும். ஊசி போட்ட இடுப்பிலோ, லேப்ராஸ்கோப்பியில் துளை போட்ட தொப்புள் பக்கமோ, எல்லாம் ஆறி ஒரு மாதம் கழித்து முடிச்சு முடிச்சாகக் கட்டி, உடைந்து தண்ணீர் மாதிரி கசியும், மூடும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும். காசநோய் மருந்து இதற்குக் கேட்காது. கல்ச்சரில் ஒரு வாரத்தில் வந்துவிடும், ஆனால் தட்டை ரெண்டாம் நாள் எறியாமல் வைத்திருக்க வேண்டும், பழைய கதைதான்.

வெறுங்காலோடு தோட்டம் போகிறவர்களுக்கு மதுராக் கால். 1842இல் மதுரையில் ஜான் கில் என்கிற டாக்டர் எழுதி வைத்ததால் அந்தப் பேர். பாதம் வருஷக்கணக்கில் வலியில்லாமல் கெட்டியாக வீங்கும், பல துளைகள் விழும், ரவை மாதிரி மணிகள் வெளியே வரும். அந்த மணிதான் சாட்சி. துளையை மூடியிருக்கிற துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வராதீர்கள், துணியோடு கொண்டு போங்கள், அதிலிருந்தே எடுத்துவிடலாம். பாக்டீரியா வகையாக இருந்தால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் வைத்து நன்றாகக் குணமாகும். மணி கறுப்பாக இருந்தால் பூஞ்சை, அது கொஞ்சம் மல்லுக்கட்டும். எதுவாக இருந்தாலும் காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், மணியை டெஸ்ட் பண்ணாமல் சம்மதிக்காதீர்கள்.

சாயப்பட்டறையில் நாள் முழுக்க கம்பூட்டும் ஈரமுமாக நிற்கிறவர்களின் உள்ளங்காலில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விழுந்து நாறுமே, அதுவும் பாக்டீரியாதான். தொடையிடுக்கில் பழுப்பாகப் படர்கிற எரித்ராஸ்மாவும் அப்படியே. படை என்று நினைத்து மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கி வருஷக்கணக்கில் பூசுவார்கள். தோல் டாக்டர் இருட்டறையில் ஊதா விளக்கடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும், ஒரு நிமிஷ வேலை. ரெண்டுமே ஆபத்தில்லாதவை.

சர்க்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மெலியாய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் விட்மோரும் அவரோடு வேலை பார்த்த கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்தது. மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும், மழைக்காலத்தில் கூடும். தோலில் ஆறாத கட்டியாகவும் வரும், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று உள்ளேயும் சீழ் வைக்கும். இதை லேபில் வெறும் ‘சூடோமோனாஸ்’ என்று வேறு கிருமியின் பேரில் எழுதி அனுப்பிவிடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது, எனக்குத் தீராத ஆதங்கம் அது. ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேட்காமல், ஆனால் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் கேட்கிற ‘சூடோமோனாஸ்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்தால், இது மெலியாய்டோசிஸ் கிருமியான பர்கோல்டேரியாவா என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மருந்து முதலில் ஊசியாகவும் அப்புறம் குறைந்தது மூன்று மாதம் மாத்திரையாகவும் போகும், நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இதுவரை சொன்னதில் அடைப்பானும் மெலியாய்டோசிஸும் தவிர மற்றவை பொறுத்துப் பார்க்கக்கூடியவை. பொறுக்காதது ஒன்று உண்டு. வாய்க்காலிலோ குட்டையிலோ கால் வெட்டுப்பட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் கால் மளமளவென்று வீங்கி, பார்க்கிற காயத்தைவிட வலி பல மடங்கு இருந்து, தோல் கறுத்தோ ரத்தக் கொப்புளம் போட்டோ காய்ச்சல் அடித்தால், அது தண்ணீரில் வாழ்கிற ஏரோமோனாஸ் கிருமியாக இருக்கலாம், குரோமோபாக்டீரியமாக இருக்கலாம், சாதாரண ஸ்ட்ரெப்டோகாக்கஸாகவும் இருக்கலாம். பேர் தெரிகிற வரை நேரம் கொடுக்காது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்க வேண்டாம். அந்த ராத்திரியே சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்தத் தண்ணீரில் இறங்கினார், எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது என்பதை முதலில் பார்க்கிற டாக்டரிடமே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எந்த ஊசியை முதலில் ஏற்றுவது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு பண்ணுவார்.